யூரியாவும் ஒரு மாமன் மடியும்

சூலூர்,
12.6.2024.

அன்புத் தங்கை சண்முகப்பிரியாவுக்கு அண்ணன் தம்பிதுரை எழுதுவது.

உறையின் பின்புறம் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்தாய் என்றால், முதலில் அதற்கு ஒரு கும்பிடு. என் போனை நீ எடுக்காமல் விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கடிதத்தை அப்படி மணி அடித்து ஓயவிட முடியாது என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. புவனா தன் அண்ணனிடம் தீபாவளிக்குத் தீபாவளி பேசும்போது கேட்டு வாங்கி வைத்திருந்த முகவரி இது. பின்கோடு தப்பாக இருந்தால் பழி உன் வீட்டுக்காரர் மேல்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. முக்கால் பங்கு நலம் என்று வைத்துக்கொள். மீதிக் கால் பங்குக்காகத்தான் இந்தக் கடிதம். நான் எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவன் என்று உனக்குத் தெரியும். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

உரக்கடை ஓடுகிறது. தென்னைக்கு வெள்ளை ஈ வந்ததிலிருந்து ஊரில் பாதிப் பேர் என்னை டாக்டர் என்றே முடிவு செய்துவிட்டார்கள். ஓலையை ஒடித்துக்கொண்டு வந்து மேசைமேல் போட்டு, "ஏனுங்க தம்பிதுரை, இதுக்கு என்ன சீக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்கிறார்கள். நானும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்கிறேன். அந்தப் பெரிய டாக்டர்தான், தன் மகளுக்கு என்ன என்று சொல்ல ஒரு ஆளைத் தேடி ஒன்றரை மாதம் கோயமுத்தூரைச் சுற்றினான்.

சாய்ப்ரியாவை நீ போட்டோவில் பார்த்திருப்பாய். ஆறு வயதாகிறது. இந்த மாதம் இரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். வாய் அப்படியே உன் வாய், பேச ஆரம்பித்தால் எதிராளி தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். காது இன்னும் குத்தவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த மாட்டேன் என்று புவனா ஒரே பிடியாக நிற்கிறாள், அவள் அண்ணனோ உன்னோடு சூரத்தில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் யாரோ கிண்டல் செய்தார்களாம். அதிலிருந்து புவனாவின் ஸ்டிக்கர் பொட்டில் இரண்டை எடுத்துக் காது மடலில் ஒட்டிக்கொண்டுதான் வேன் ஏறுகிறாள். வெள்ளிக்கிழமை பச்சை, மற்ற நாள் சிவப்பு.

ஏப்ரல் கடைசியில் அவளுக்குக் கீழ்ப்பல் ஒன்று விழுந்தது. பால் பல்தான். கொஞ்சம் ரத்தம் வந்தது, அரை மணியில் நின்றது. பல்லைத் தாளில் மடித்து என் சட்டைப் பையில் போட்டு, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டச் சொன்னாள். மறுநாள் ஒரு கல்யாணப் பந்தியில் ஜிலேபியைக் கடித்தவள் வாயைத் துடைத்தாள், கைக்குட்டை சிவப்பாக வந்தது. நேற்று நின்ற ரத்தம் இன்றைக்கு ஏன் வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. பல் டாக்டர் பஞ்சு வைத்தார், நின்றது. அடுத்த நாள் மறுபடி. தையல் போட்டார், நின்றது. மூன்றாம் நாள் மறுபடி. கடைசியில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிளாஸ்மா என்று மஞ்சள் நிறத்தில் ஒரு பை ஏற்றிய பிறகுதான் நின்றது.

அதற்குப் பிறகு டெஸ்ட் மேல் டெஸ்ட். தட்டணுக்கள் நார்மல். ரத்தம் கட்டும் நேரம் நார்மல். ஈரல் நார்மல். ஒவ்வொரு நார்மலுக்கும் புவனா ஒரு சாமிக்கு விளக்குப் போட்டாள். கீழே விழுந்தால் மறுநாள்தான் முட்டி வீங்குவதும், தொடையில் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போவதும் மட்டும் அப்படியேதான் இருந்தது.

குழந்தை டாக்டர் ஒரு சீட்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து, இவரைப் பாருங்கள் என்று ஒரு சொல் சொன்னார். வெளியே நாற்பது குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. என் காதில் ஹோமியோ என்றுதான் விழுந்தது. நேராக ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். நல்ல மனிதர். பாப்பாவுக்குப் புளிப்புப் பிடிக்குமா, இடி இடித்தால் பயப்படுவாளா, என்ன கனவு வருகிறது என்று முக்கால் மணி நேரம் கேட்டார். இவளும் விடாமல் சொன்னாள். கடைசியில் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "இது ஹெமட்டாலஜிங்க. ரத்தத்துக்குன்னே படிச்சவங்க. நான் இல்லைங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். சாய்ப்ரியாவுக்கு மட்டும் அவரையே தொடர வேண்டும் என்று ஆசை. அவள் கனவை யாரும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

ரத்தத்துக்குப் படித்தவரை எங்கே தேடுவது என்று ஒரு ரத்த வங்கியில் போய் நின்றேன். அங்கேதான் அந்தோணிராஜ் அண்ணனைப் பிடித்தேன், அல்லது அவர் என்னைப் பிடித்தார். போத்தனூர் ரயில்வேயில் வேலை. பிறந்ததிலிருந்து அவருக்கு ரத்தம் உறையாத நோய், ஒரு முட்டி மடங்காது. என் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். "எல்லாம் நார்மல்னு போட்டிருக்குதா? அப்பத்தான் பெரிய டாக்டர் வேணுமுங்க. சின்ன சீக்கு சீக்கிரம் மாட்டிக்கும்" என்றார். அவரிடம் ஒரு பழைய டைரி இருக்கிறது. ரத்த நோய் உள்ளவர்கள் யார் யார், எந்த ஊர், எந்த டாக்டர் எதில் கெட்டிக்காரர் என்று எல்லாம் அதில். அவர் போன் போட்டுச் சொல்லித்தான் பீளமேட்டில் டாக்டர் கிருபாவதியைப் பார்க்க நேரம் கிடைத்தது. முந்தாநாள் போனோம்.

அந்த அம்மா ரிப்போர்ட்டைப் பிரிக்கவே இல்லை. சாய்ப்ரியாவின் சட்டையைத் தூக்கித் தொப்புளைப் பார்த்தார். பிறந்தபோது இங்கே ரத்தம் வந்ததா என்று கேட்டார். வந்தது, இரண்டு நாள் வந்தது, கட்டுப் போட்டு ஊசி போட்டு நிறுத்தினார்கள் என்றோம். குடும்பத்தில் வேறு எந்தக் குழந்தைக்காவது இப்படி வந்ததா என்று கேட்டார்.

இல்லைங்க என்று நான் சொன்னேன்.

பல் டாக்டர் கேட்டபோதும் இப்படித்தான் சொன்னேன். குழந்தை டாக்டரிடமும். ஆஸ்பத்திரிப் படிவத்தில் எழுதியும் கொடுத்தேன். நாளைக்குப் பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டுமே, குடும்பத்து ரத்தம் என்று பேச்சு வந்தால் என்ன ஆகும் என்கிற பயம் ஒன்று. அந்தப் பேச்சை எடுத்தால் நான் அன்றைக்குப் பேசியதும் கூடவே எழுந்து வரும் என்பது இன்னொன்று. நான்காவது தடவை புவனா விடவில்லை. "பொய் சொல்லாதீங்க மாமா. எங்கண்ணன் பையனுக்கு வந்துச்சுங்க டாக்டர். அதுலதான் போயிட்டான்" என்று சொல்லிவிட்டு அங்கேயே அழுதாள்.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நான் கட்டியது மாமன் மகளை, நீ கட்டியது மாமன் மகனை, ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் என்று சொன்னதும், சொந்தத்துக்குள் கட்டியதற்கு அடையாளமாக அங்கங்கே இரட்டைக் கோடு போட்டார். சொட்டுநீர்க் குழாய்க்கு நான் போடுகிற பிளான் மாதிரியே இருந்தது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் கீழே சின்னதாக ஒரு கட்டம் போட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்து, குழந்தை பேர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அம்மணி. புவனாவுக்கும் தெரியவில்லை.

அவர் சொன்னது இதுதான். பல்லில் வந்தது பரவாயில்லை. இதே ரத்தம் தலைக்குள் வந்தால் டெஸ்ட் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அவர் மனதில் ஒரு நோய் இருக்கிறது, லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத ஒன்று. பிளாஸ்மா ஏற்றி இரண்டு மாதமாவது ஆனால்தான் அதற்கான டெஸ்ட் சரியாக வரும். அதற்குள் அந்தக் குழந்தையின் தாயிடம் மூன்று விஷயம் கேட்டு வாருங்கள் என்றார். தொப்புள்கொடி எந்த நாள் விழுந்தது? ரத்தம் எந்த நாள் வந்தது? நின்று மறுபடி வந்ததா, ஒரேயடியாக வந்ததா? தாய்க்குத்தான் தெரியும், வேறு யார் சொன்னாலும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

உன்னிடம் இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. என் மகளுக்காகக் கேட்கிறேன். எனக்குப் பதில் போடப் பிடிக்காவிட்டால் புவனா பெயருக்குப் போடு. நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சூரத் வெயிலில் மோர் நிறையக் குடி.

உன் அண்ணன்,
தம்பிதுரை.

*

சூலூர்,
14.7.2024.

அன்புள்ள அம்மணிக்கு,

உன் அட்டை வந்தது. தபால்காரர் கடையில்தான் கொடுத்தார். அஞ்சலட்டை என்பதால் படித்துவிட்டுத்தான் கொடுத்தார் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் போனார். நான் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பொட்டாஷ் கேட்ட இரண்டு பேருக்கு டி.ஏ.பி. எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் சாயங்காலம் வந்து திட்டினார்கள்.

"ஏழாம் நாள் கொடி தானாக விழுந்தது. நான் தொடவில்லை. எட்டாம் நாள் காலை கசிந்து நின்றது. ஒன்பதாம் நாள் வந்தது நிற்கவில்லை. பதினோராம் நாள் உனக்கே தெரியும். அவன் பெயர் நிதீஷ்."

இவ்வளவுதான் எழுதியிருந்தாய். அன்புள்ள என்றும் இல்லை, இப்படிக்கு என்றும் இல்லை. டாக்டர் கிருபாவதி அதை இரண்டு தடவை படித்தார். அம்மாக்கள் எழுதுகிற மாதிரி எங்கள் பிள்ளைகளுக்குக் கேஸ் எழுத வருவதில்லை என்று பக்கத்திலிருந்த சின்ன டாக்டர்களிடம் காட்டினார். பிறகு அந்தத் தாளை எடுத்து, சின்னக் கட்டத்துக்குக் கீழே நிதீஷ் என்று எழுதினார். தமிழில்தான் எழுதினார். இத்தனை வருடம் அவனைப் 'பையன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், அதுவும் யாரும் இல்லாதபோது.

இனி யூரியா கதை. இதை நீ மாப்பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும்.

டெஸ்ட்டுக்கு நாள் குறித்து நாங்கள் போனபோது, லேப் கவுண்டரில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இந்த டெஸ்ட்டுக்கு யூரியா வேண்டும், இருந்தது தீர்ந்துவிட்டது, சொல்லி வைத்திருக்கிறோம், வர இன்னும் நாலு நாள் ஆகும் என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். உலகத்தில் எனக்குத் தெரியாத மருந்தெல்லாம் எழுதினார்கள், வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். கடைசியில் என் சரக்கு ஒன்று வந்திருக்கிறது. அதற்கு நாலு நாள் காத்திருப்பதா? என் கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறதே! இரு புவனா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். சூலூர் போய்த் திரும்ப ஒன்றேகால் மணி நேரம்.

இரண்டு கிலோ பொட்டலம் கட்டி டாக்டர் மேசைமேல் வைத்தேன். போதாவிட்டால் மூட்டையே இறக்குகிறேன் என்றேன். அந்த அம்மா பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தார். "இது என்னங்க, வேப்பெண்ணெய் வாசம் வருது?" என்றார். வேம்பு பூசின யூரியாங்க, இப்ப எல்லாமே அப்படித்தான் வருது, பயிருக்கு நிதானமாச் சேரும் என்று நான் முழுசாக விளக்கினேன். ஆதார் மெஷினில் கைரேகை வைத்தால்தான் யூரியா கொடுக்க முடியும், உங்கள் அவசரத்துக்காக என் விரலை வைத்துப் பில் போட்டேன் என்பதையும் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். அப்படி ஒரு டாக்டர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர்கள் யூரியா வேறாம், எதுவும் கலக்காத சுத்த உப்பாம். பொட்டலத்தைத் திருப்பித் தரவில்லை. ஆஸ்பத்திரித் தோட்டத்து அரளிக்குப் போடச் சொல்லிவிட்டார்.

நாலு நாள் கழித்து அவர்கள் யூரியா வந்தது. என் ரத்தம் கொஞ்சம், சாய்ப்ரியா ரத்தம் கொஞ்சம். இரண்டையும் தனித்தனிக் குழாயில் உறைய வைத்து, யூரியாத் தண்ணீரில் போட்டுவிட்டு, மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் போனால் என் குழாயில் கட்டி கருப்பட்டித் துண்டு மாதிரி அப்படியே கிடக்கிறது. அவளுடைய குழாயில் ஒன்றுமே இல்லை. கரைந்துபோய் வெறும் சிவப்புத் தண்ணீர். சாய்ப்ரியா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான்தானே மொதல்ல முடிச்சேன்? நான் ஜெயிச்சுட்டேனா?" என்று கேட்டாள். ஜெயிச்சுட்டே கண்ணு என்று டாக்டர்தான் சொன்னார்.

பதிமூன்றாவது காரணி என்று ஒன்று ரத்தத்தில் இருக்க வேண்டுமாம். இவளுக்கு அது இல்லை. ரத்தம் எல்லோருக்கும் போல உறைகிறது, அதனால்தான் டெஸ்ட் எல்லாம் நார்மல். உறைந்தது மறுநாள் தாங்குவதில்லை. வாய்க்காலுக்கு மடை கட்டிவிட்டு மண்ணை மிதிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டால், காலையில் தண்ணீர் உடைத்துக்கொண்டு போகுமே, அது மாதிரிதானுங்களா என்று கேட்டேன். அதேதானுங்க, இனி நானும் இப்படியே சொல்லிக்கிறேன் என்றார். தொலைவில் ஒரு பெரிய லேபுக்கும் அனுப்பி உறுதி செய்துவிட்டார்கள்.

இதற்கு வழி இருக்கிறது, அம்மணி. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், நான் யூரியாவில் மூழ்கிவிட்டேன். மாதம் ஒரு தடவை, ஒரு சின்னப் பை ஏற்றினால் போதும். ஓடலாம், ஆடலாம், படிக்கலாம், நாளைக்குக் கல்யாணம் கட்டிப் பிள்ளையும் பெறலாம். டாக்டர் இதைச் சொன்னபோது புவனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நிதீஷைப் பற்றியும் கேட்டேன். இப்போது டெஸ்ட் செய்து காட்ட முடியாது, ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை என்றார். ஏழாம் நாள் கொடி விழுவது, எட்டாம் நாள் கசிவது, நின்று மறுபடி வருவது, இந்த நோய்க் குழந்தைகளுக்கு அப்படியே வருமாம். அந்தக் குழந்தையை யார் குளிப்பாட்டியிருந்தாலும், எவ்வளவு பதமாகத் தூக்கியிருந்தாலும் வந்திருக்கும் என்றார்.

நான் அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறந்துவிட்டது போல இத்தனை வருடம் நடித்தேன். "குளிக்க வெக்கறப்போ கொஞ்சம் பாத்துச் செஞ்சிருக்கக் கூடாதா அம்மணி" என்று கேட்டேன். நீதான் கொடியை இழுத்துவிட்டாய் என்று யாரோ பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, கூடப் பிறந்தவன் நான் வந்து உன்னிடம் கேட்டேன். பதினோரு நாள் பிள்ளையைப் பறிகொடுத்து நின்றவளிடம் கேட்டேன். அப்புறம் என் மகள் பிறந்து அவள் தொப்புளிலும் ரத்தம் வந்தபோது, உன் பிள்ளைக்கு வந்ததும் இதுதான் என்று எனக்கு அன்றைக்கே பட்டது. அப்போதாவது உனக்கு ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

நீ இழுக்கவில்லை. நீ எதுவுமே தப்பாகச் செய்யவில்லை. தப்பு நான் பேசியதுதான். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
தம்பிதுரை.

*

சூலூர்,
22.8.2024.

அன்புள்ள அம்மணிக்கு அண்ணன் எழுதுவது. புவனாவும் சாய்ப்ரியாவும் உன்னையும் மாப்பிள்ளையையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள்.

உன் இரண்டாவது கடிதம் வந்தது. இந்தத் தடவை உறையில் போட்டிருந்தாய், தபால்காரருக்குத்தான் வருத்தம். அண்ணன் என்று ஒரு சொல் அதில் இருந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன், அதிகம் பேசிக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

நீ கேட்டிருந்தாயே, உங்கள் இருவருக்கும் அந்த டெஸ்ட் செய்ய முடியுமா, எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள், இனி ஒரு குழந்தை என்றால் என்ன செய்வார்கள் என்று. டாக்டரிடம் கேட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆளுக்கு ஐந்து மில்லி ரத்தம், ஒரு தேக்கரண்டி. நான்கு குழந்தைகளில் மூன்றுக்கு ஒன்றும் இருக்காது. மீதி ஒன்றுக்கு இருந்தாலும் முன்கூட்டியே தெரிந்தால் பிறந்த அன்றைக்கே மருந்து ஆரம்பித்துவிடலாம், பயமே வேண்டாம் என்றார். உங்கள் தங்கச்சியை இங்கே வரச் சொல்லுங்கள், நானே பார்க்கிறேன் என்றும் சொன்னார். ஏன் கேட்டாய் என்று நான் கேட்க மாட்டேன். புவனாதான் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு, பழைய பருத்திச் சேலைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

சாய்ப்ரியாவுக்கு இரண்டு தடவை மருந்து ஏற்றியாயிற்று. உறைய வைத்து எடுத்து வருவதால் அவள் அதற்கு ஐஸ் பை என்று பேர் வைத்திருக்கிறாள். ஊசி குத்தும்போது அழாமல் இருந்தால் அந்தோணிராஜ் அண்ணன் ஒரு கதை சொல்வார். எல்லாக் கதையிலும் ஒரு ரயில் வரும், தண்டவாளத்தில் ஒரு எருமை நிற்கும். அவருடைய டைரியில் இவள் பெயரும் ஏறிவிட்டது. போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் சிராய்த்துக்கொண்டாள். மறுநாள் காலையில் நானும் புவனாவும் போட்டி போட்டுக்கொண்டு போய் முட்டியைப் பார்த்தோம். வீக்கம் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் போல ஒரு காய்ந்த பொருக்கு, அவ்வளவுதான். புவனா அதைக் கிள்ளக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினாள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

மருந்து ஏற்றும்போது டாக்டரிடம் சாய்ப்ரியாவே கேட்டாள், எனக்கு எப்போது காது குத்தலாம் என்று. அவர் அவள் காதில் ஒட்டியிருந்த பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெண் குழந்தைக்கு ஆறு வயது வரை ஏன் காது குத்தாமல் விட்டீர்கள் என்று கேட்டார். குடும்பத்தில் சின்ன மனஸ்தாபங்க, மாமன் ஊரில் இல்லைங்க, மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்கள் வழக்கத்தில் குத்துவோம் என்றேன். அவர் குனிந்து அவள் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார். "நல்லதாப் போச்சுங்க. நோய் தெரியாம, ஒரு வயசுல மொட்டை போட்டு ரெண்டு காதும் குத்தியிருந்தா, மறுநாள் என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. அந்த மாமனுக்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க."

இந்தப் பன்னிரண்டு வருடமாக உன் கோபத்தைப் பற்றி நான் எத்தனை பேரிடம் குறை சொல்லியிருப்பேன். அவளுக்கு என்ன அத்தனை வீம்பு, ஒரு வார்த்தைக்காக இப்படியா என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் சமாதானமாகி அவள் முதல் பிறந்தநாளுக்கு வந்திருந்தால், மாப்பிள்ளை மடியில் உட்கார வைத்து, மேளம் வைத்து, பந்தி போட்டு, நாங்களே எங்கள் கையால் அவளைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்போம். உன் கோபம்தான் என் மகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. உன் பிள்ளை தன் பேரைச் சொல்லாமலே போய், இவளுக்கு வழி காட்டியிருக்கிறான். இதை நான் எழுதும்போது புவனா பக்கத்தில்தான் நிற்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுங்கள், காகிதம் நனைகிறது என்கிறாள். அவள் கண் மட்டும் காய்ந்தா இருக்கிறது?

இப்போது டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். செப்டம்பர் 14 சனிக்கிழமை ஐஸ் பை ஏற்றுகிறார்கள். மறுநாள் 15, ஆவணி கடைசி ஞாயிறு, நம் கோயிலில் காது குத்து. டாக்டரும் வருகிறாராம், ஆசாரி ஊசியைத் தான் பார்த்த பிறகுதான் குத்த வேண்டும் என்று நிபந்தனை. கூட்டம் கூப்பிடவில்லை. எங்களோடு அந்தோணிராஜ் அண்ணன் குடும்பம், அவ்வளவுதான்.

ஆசாரி இருக்கிறார், ஊசி இருக்கிறது, தோடு புவனாவின் அம்மா போட்டுப் பழகிய தோடு, அது இருக்கிறது. மாமன் மடி மட்டும் சூரத்தில் இருக்கிறது. மில்லில் லீவு சொல்லி மாப்பிள்ளையை எப்படியாவது கூட்டிக்கொண்டு வா. என் வீட்டுக்கு வர மனம் இல்லாவிட்டால் வர வேண்டாம், கோவை ஜங்ஷனிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்துவிடுங்கள். முந்தின நாளே வந்தால் பீளமேட்டில் அந்த ஒரு தேக்கரண்டி ரத்தத்தையும் கொடுத்துவிடலாம், டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சாய்ப்ரியா தினமும் ஒட்டுகிற பொட்டை எண்ணிப் பத்திரப்படுத்துகிறாள், அத்தை வந்ததும் காட்ட வேண்டுமாம். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அம்மணி. உன் மடி நிறைய வேண்டும். அன்றைக்கு நீ என்னோடு பேச வேண்டும் என்று இல்லை. குத்தி முடிந்ததும் அவள் காதில் நீ ஏதாவது சொல். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் உன் அண்ணன்,
தம்பிதுரை.